மறுபக்கத்துப் பாட்டு

1

ஒரு பாட்டு அதிகம் பேருக்குத் தெரியாது என்பது அந்தப் பாட்டைப் பற்றிய செய்தியே இல்லை. அது மனிதர்களைப் பற்றிய செய்தி. கடைகளைப் பற்றிய, வானொலி நிலையங்களைப் பற்றிய, எந்த ஆண்டில் யார் காதில் எது விழுந்தது என்பதைப் பற்றிய செய்தி. ஆனாலும் 'அதிகம் பேருக்குத் தெரியாத பாட்டு' என்று சொல்லும்போது ரசிகனின் குரலில் ஒரு கனிவு ஏறுவதைக் கவனித்திருக்கிறேன். மெட்டு, தாளம், சொல் இவற்றோடு தெரியாமையும் பாட்டின் ஒரு குணமாகச் சேர்ந்துகொள்கிறது. இதில் நேர்மை எவ்வளவு, பாவனை எவ்வளவு என்ற விசாரம் ரசனையோடு முடிந்துவிடுவதாக எனக்குப் படவில்லை. ஒன்றை நேசிப்பவன் அந்தப் பொருளுக்கும் பிறருக்கும் என்ன கடன்பட்டிருக்கிறான் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. அந்த அளவில் இது ஒழுக்கத்தைச் சேர்ந்த பிரச்னை.

பொதுவாகப் பேசினால் விஷயம் கைநழுவிவிடும். ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்கிறேன். 'க்வீன்' என்ற ஆங்கில ராக் குழு 1975 நவம்பரில் வெளியிட்ட 'எ நைட் அட் தி ஆப்பரா' என்ற இசைத்தட்டில் ஐந்தாவதாக வருவது. பெயர் 'முப்பத்தொன்பது'. ஓர் ஆண்டைக் குறிக்கும் எண்; முன்னால் நூற்றாண்டு இல்லை. எழுதியவரும் தட்டில் பாடியவரும் குழுவின் கிட்டார்க் கலைஞர் பிரியன் மே. மூன்றரை நிமிஷப் பாட்டு.

இதே தட்டில்தான் 'பொஹீமியன் ராப்ஸடி' இருக்கிறது. க்வீனைக் கேள்விப்பட்ட எவருக்கும் அது தெரியும். கேள்விப்படாதவர்களில் பலருக்கும் தெரியும். ஆறு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவான அந்தப் பாட்டு 1975 இறுதியில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கு வந்து ஒன்பது வாரம் அங்கேயே இருந்தது. 1992இல் ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தின் வழியாக இன்னொரு தலைமுறையிடம் போயிற்று. 2018இல் அதன் பெயரையே வைத்து ஒரு படம் வந்தது. இப்படிப்பட்ட ஒன்றின் பக்கத்தில் இருக்க நேர்ந்த எந்தப் பாட்டும் சிறியதாகத்தான் தெரியும். மலையடிவாரத்தில் கட்டிய வீட்டின் அளவை மலை தீர்மானித்துவிடுகிறது.

2

கேட்பதற்கு 'முப்பத்தொன்பது' ஒரு பழைய நாட்டுப்பாடல் போல இருக்கும். பன்னிரண்டு தந்திக் கிட்டாரை மீட்டிக் கால் தட்டிப் பாடுகிற கப்பற்காரர் பாட்டு என்றே முதல் தடவை எண்ணத் தோன்றும். தாமாக முன்வந்த சிலர் கூடுகிறார்கள், கப்பல் புறப்படுகிறது, புது நிலம் தேடிப் போகிறார்கள், ஒரு நாள் திரும்புகிறார்கள். கப்பல் போனது கடலில் இல்லை என்பது மெல்லத்தான் உறைக்கிறது. போனது விண்வெளியில். திரும்பி வந்தவனுக்கு ஒரு வயது கூடியிருக்கிறது. பூமிக்கு நூறு வயது கூடியிருக்கிறது. புறப்பட்டது ஒரு முப்பத்தொன்பதாம் ஆண்டு, வந்து சேர்ந்ததும் ஒரு முப்பத்தொன்பதாம் ஆண்டு. தலைப்பில் நூற்றாண்டைச் சொல்லாமல் விட்டதன் காரணம் அப்போதுதான் புரிகிறது.

ஐன்ஸ்டைன் 1905இல் வெளியிட்ட சிறப்புச் சார்பியலின் விளைவு இது. வேகமாகப் போய்த் திரும்புகிறவனின் கடிகாரம், ஊரில் இருந்தவனின் கடிகாரத்தைவிடக் குறைவாக ஓடியிருக்கும். கப்பலின் ஓராண்டு பூமியின் நூறாண்டாக வேண்டுமானால் கப்பலின் வேகம் ஒளி வேகத்தில் 99.995 சதவீதம் இருக்கவேண்டும். நான் கல்லூரியில் படித்தது ஆங்கில இலக்கியம். ஆனாலும் வங்கியில் வட்டிக் கணக்கோடு பழகியவனுக்கு இந்தக் கணக்கு பெரிய சிரமமில்லை. ஒளி வேகத்துக்கும் அதற்கும் இடையில் லட்சத்தில் ஐந்து பங்குதான் குறைவு. அந்தச் சொற்பக் குறைவில் தொண்ணூற்றொன்பது ஆண்டு தொலைந்துபோகிறது. பாட்டு இந்தக் கணக்கு எதையும் சொல்வதில்லை. திரும்பியவன் தன் காதலியின் கண்களை அவள் வழி வந்த ஒருத்தியிடம் பார்க்கிறான் என்பதை மட்டும் சொல்கிறது.

மே இந்த விஷயத்தை எங்கிருந்தோ எடுத்து ஒட்டவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில், சூரிய மண்டலத்தில் பரவிக் கிடக்கும் தூசியைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தவர். குழு வளர்ந்தபோது ஆய்வைப் பாதியில் விட்டார். 2007இல் அதே பொருளில் ஆய்வை முடித்துப் பட்டம் பெற்றார். முப்பது ஆண்டுக்கு மேல் வெளியே இருந்துவிட்டுத் திரும்பிய மனிதர் என்று இந்தப் பாட்டை அவருடைய சரித்திரமாகவே படிக்கச் சிலருக்கு ஆசை வரும். 1975இல் எழுதப்பட்ட பாட்டுக்கு 2007இல் அர்த்தம் தேடுவது விமர்சனம் ஆகாது. அவருக்குத் தெரிந்த விஞ்ஞானத்திலிருந்து ஒரு துக்கத்தை மட்டும் பிரித்தெடுத்தார் என்று சொன்னால் போதும். விஞ்ஞானக் கதைகள் பலவற்றில் காணாத அடக்கம் இது.

பதிவைப் பற்றி ஒரு செய்தி உண்டு. குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் ஜான் டீக்கன். இந்தப் பாட்டுக்கு ஆளுயர டபுள் பேஸ் வாசிக்கும்படி மே அவரிடம் வேடிக்கையாகக் கேட்டாராம். சில நாள் கழித்துப் பார்த்தால் டீக்கன் அந்த வாத்தியத்தை வைத்துப் பழகிக்கொண்டிருந்தார். தட்டில் கேட்பது அவர் அப்படிக் கற்றுக்கொண்டு வாசித்ததுதான். 1976இல் டீக்கன் எழுதிய 'யூ ஆர் மை பெஸ்ட் ஃபிரெண்ட்' தனித்தட்டாக வெளிவந்தபோது அதன் மறுபக்கத்தில் 'முப்பத்தொன்பது' வைக்கப்பட்டது. தன் மனைவிக்காக டீக்கன் எழுதிய அந்த முன்பக்கப் பாட்டு பிரிட்டனில் ஏழாவது இடம்வரை போயிற்று. மேயின் பாட்டு தட்டின் அடியில் கிடந்தபடி கூடவே வீடுகளுக்குப் போயிற்று.

3

தனித்தட்டின் மறுபக்கம் என்பது இப்போது விளக்கம் தேவைப்படும் விஷயம் ஆகிவிட்டது. நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்றுச் சுற்றும் ஏழு அங்குலத் தட்டு. விற்பதற்காக ஒரு பாட்டு ஒரு பக்கத்தில் இருக்கும். தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதால் மட்டுமே இன்னொரு பாட்டு மறுபக்கத்தில் இருக்கும். வாங்குகிறவன் காசு கொடுத்தது முன்பக்கத்துக்கு. மறுபக்கம் கேட்காமல் வந்தது.

கேட்காமல் வந்த ஒன்றை எப்படி நேசிக்க ஆரம்பிக்கிறோம்? முன்பக்கப் பாட்டை நேசிப்பதற்கு நமக்கு நிறைய உதவி கிடைக்கிறது. வானொலி சொல்கிறது, பட்டியல் சொல்கிறது, நண்பன் சொல்கிறான். பிடித்ததா என்ற கேள்வி நம்மை வந்து அடைவதற்கு முன்பே அதற்குப் பதில் வந்துவிடுகிறது. தட்டைத் திருப்பிப் போட்டால் இந்த உதவிகள் எதுவும் இல்லை. ஊசி இறங்குகிறது, பாட்டு வருகிறது, கேட்பவன் தனியாக இருக்கிறான். பிடித்தது என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு அவனே பொறுப்பு. ஏன் என்று கேட்டால் அவனே காரணம் தேடவேண்டும். அதிகம் அறியப்படாத பாட்டின்மீது உள்ள பிரியத்தில் மதிக்கத்தக்க அம்சம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பிரியம் ஒருவனைத் தன் மதிப்பீட்டுக்குத் தானே ஜவாப்தாரி ஆக்குகிறது.

ஆனால் ரசிகர்கள் பொதுவாக இதைச் சொல்வதில்லை. அவர்கள் சொல்வது வேறு: புறக்கணிக்கப்பட்ட பாட்டு, அநீதி இழைக்கப்பட்ட பாட்டு, ஒதுக்குப்புறத்தில் பூத்த பூ. இந்த இடத்தில் ஆங்கிலம் படித்தவனுக்கு வேறொரு பூ நினைவுக்கு வரும். தாமஸ் கிரேயின் கிராமத்துக் கல்லறைத் தோட்டக் கவிதை 1751இல் வெளிவந்தது, பி.ஏ. வகுப்பில் அதைத் தாண்டாமல் வந்தவர்கள் குறைவு. உலகம் அறியாமல் மண்ணுக்குப் போன எளியவர்களை அது கடலடி ரத்தினத்துக்கும் ஆளில்லாத வெளியின் பூவுக்கும் ஒப்பிடுகிறது. வில்லியம் எம்ப்சன் 1935இல் 'சம் வெர்ஷன்ஸ் ஆஃப் பாஸ்டரல்' என்ற நூலில் இந்த உவமையைப் பிரித்துப் போட்டார். குகையில் கிடப்பதில் ரத்தினத்துக்கு வருத்தமில்லை. பறிக்கப்படாமல் இருப்பதுதான் பூவுக்குச் சம்மதம். ஆகவே வாய்ப்பு மறுக்கப்பட்ட மனிதனும் அப்படியே இருப்பது இயல்புதான் என்று கவிதை நம்மை நினைக்கவைக்கிறது. மனிதர் செய்த ஏற்பாட்டை இயற்கையின் ஏற்பாடாக்கி, அதற்காக நம்மைக் கண்ணீர் விடவும் வைக்கிறது. எம்ப்சன் வாதத்தின் சாரம் இதுதான்.

மறுபக்கத்துப் பாட்டுக்காக உருகுகிறவர்களிடம் இதே தந்திரம் வேலை செய்கிறது. பாட்டு காட்டில் தானாகப் பூக்கவில்லை. எதை முன்பக்கம் வைத்தால் விற்கும் என்று நிறுவனமும் குழுவும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அது ஒரு வியாபாரத் தீர்மானம். அந்தத் தீர்மானம் தவறு என்று நினைப்பவன் அதைக் காரணத்தோடு எதிர்க்கலாம். அப்படிச் செய்யாமல் தெரியாமையின் சோகத்தை அனுபவித்துக்கொண்டிருப்பவன் அந்தத் தீர்மானத்துக்கு நன்றி சொல்கிறவன். அது இல்லாவிட்டால் அவனுக்கு அனுபவிக்கச் சோகம் கிடைத்திருக்காது.

இங்கே இன்னொரு விநோதத்தையும் சொல்லவேண்டும். பணம்தான் பாரபட்சம் காட்டியிருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் நிலைமை தலைகீழாக இருக்கிறது. தனித்தட்டு விற்பனையில் பாட்டாசிரியருக்குச் சேரும் ராயல்டியில் இரண்டு பக்கமும் சமம். 'பொஹீமியன் ராப்ஸடி' தட்டின் மறுபக்கத்தில், தன் காரிடம் காதல் கொண்ட ஒருவனைப் பற்றி டிரம்மர் ராஜர் டெய்லர் எழுதிய பாட்டு இருந்தது. தட்டு விற்ற ஒவ்வொரு தடவையும் ஃபிரெடி மெர்க்குரிக்குச் சேர்ந்த அளவு டெய்லருக்கும் சேர்ந்தது. இது குழுவுக்குள் கசப்பை வளர்த்தது. பின்னால், 1989இல் வந்த 'தி மிராக்கிள்' தட்டிலிருந்து, யார் எழுதினாலும் குழுவின் பெயரையே ஆசிரியராகப் போடும் வழக்கத்துக்கு வந்தார்கள். ஆக, பேரேட்டில் முன்பக்கம் மறுபக்கம் என்ற பேதம் இல்லை. பேதம் முழுக்கக் கேட்டவர்களின் மனத்தில் இருந்தது. வியாபாரம் பிரித்ததைக் கணக்குச் சமன் செய்தது. ரசிகன்தான் அந்தப் பிரிவை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறான்.

4

எனக்குத் தெரிந்த ஒருவரை இங்கே உதாரணமாகச் சொல்லலாம். க்வீன் பாட்டுகளில் 'முப்பத்தொன்பது' தவிர மற்றதெல்லாம் ஆர்ப்பாட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவரைச் சுற்றி நாங்கள் நாலைந்து பேர் அதைக் கேட்க ஆரம்பித்தோம். ஒரு மாதத்துக்குள் எங்களில் ஒருவன் பேச்சுக்கு நடுவே அதன் மெட்டைச் சீட்டியடிக்கும் அளவுக்கு வந்துவிட்டான். அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பாட்டில் குறைகள் தெரிய ஆரம்பித்தன. கொஞ்சம் இனிப்பு அதிகம் என்றார். முதல் தட்டில் யாரும் கேட்காத வேறொரு பாட்டைச் சிபாரிசு செய்தார். பாட்டில் ஒரு ஸ்வரமும் மாறவில்லை. கேட்கிறவர்களின் தொகை ஒன்றிலிருந்து ஐந்தாகியிருந்தது, அவ்வளவுதான்.

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் வெளியிட்ட நூலில் ரசனையைப் பற்றிச் சொன்னது இவருக்குப் பொருந்தும். நாம் எதை ரசிக்கிறோம் என்பதன் வழியாக யாரிடமிருந்து விலகி நிற்கிறோம் என்று அறிவித்துக்கொள்கிறோம். ரசனை ஒருவகை மூலதனம். மூலதனத்தின் விதி எளிமையானது. எல்லாரிடமும் இருப்பதற்கு மதிப்பு இறங்கும். இந்தப் பார்வையில் என் நண்பர் செய்தது விலை இறங்குவதற்கு முன்னால் பங்கை விற்றது.

இந்த விளக்கம் என் நண்பரைப் பிடிக்கிறது. ஆனால் நேசத்தைப் பிடிக்கவில்லை. எல்லா ரசனையும் அந்தஸ்துக்கான போட்டி என்றால் பாட்டைக் கேட்கும்போது நடப்பது என்ன என்பதற்கு இதில் இடமில்லை. இந்த இடத்தில் கான்ட் 1790இல் சொன்னது இன்னும் பயன்படுகிறது. 'இது எனக்குப் பிடிக்கிறது' என்பது வேறு, 'இது அழகாக இருக்கிறது' என்பது வேறு. முதலாவது என் நாக்கைப் பற்றிய தகவல். இரண்டாவதைச் சொல்லும்போது, நிரூபணம் கையில் இல்லாவிட்டாலும், மற்றவர்களும் ஒப்புக்கொள்ளவேண்டும் என்று கோருகிறேன். தனி மனிதனின் அனுபவத்திலிருந்து எழுந்து எல்லாரையும் பார்த்துப் பேசுகிற வாக்கியம் அது. அப்படியானால் ஒரு பாட்டை அழகு என்று சொல்லிவிட்டு, அதை வேறு யாரும் கேட்கக்கூடாது என்று விரும்புகிறவன் தன் வாக்கியத்தைத் தானே திரும்பப் பெறுகிறான். அவனிடம் மிஞ்சுவது 'எனக்குப் பிடிக்கிறது' மட்டும். இன்னும் சரியாகச் சொன்னால், 'இதைப் பிடித்திருக்கிற என்னை எனக்குப் பிடிக்கிறது.'

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் சிலருக்கு இது பிறத்தியார் சமாச்சாரம் அல்ல. ஒரு கவிஞனை இருநூறு பேர்தான் படிக்கிறார்கள் என்பதை அவன் கவிதையின் தகுதிச் சான்றிதழாக நாம் நீட்டியதில்லையா? அவன் தொகுப்பு பெரிய இடத்திலிருந்து மறுபதிப்பு வந்து கடைகளில் விற்றபோது, முந்தைய தீவிரம் போய்விட்டது என்று கடிதம் எழுதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மறுபதிப்பில் ஒரு காற்புள்ளியும் மாறியிருக்காது. இருநூறு பேர் என்பது அச்சடித்த பிரதிகளின் கணக்கு. அதைக் கவிதையின் குணமாக எழுதிக்கொள்வது இரண்டு வேறு பேரேடுகளைக் கலப்பது.

எனினும் ரசிகனின் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். எல்லாரும் பாடுகிற பாட்டுக்கு ஒன்று நேர்கிறது. 'பொஹீமியன் ராப்ஸடி'யை இன்று முதல் தடவை போலக் கேட்பது மிகவும் சிரமம். அது ஆரம்பித்த உடனே படம், வேடிக்கை, விளம்பரம், கூட்டாகத் தலையாட்டுகிற இளைஞர்கள் என்று அனைத்தும் முன்னால் வந்து நிற்கின்றன. பாட்டு அதன் சொந்தப் புகழுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பழக்கம் கவனத்தைக் கொன்றுவிடுகிறது. தன் பாட்டுக்கும் இது நேரக்கூடாது என்று ஒருவன் நினைத்தால் அதை வீண் கர்வம் என்று தள்ள முடியாது. ஆனால் அவன் காப்பாற்ற நினைப்பது எதை என்று தெளிவாக இருக்கவேண்டும். காப்பாற்ற வேண்டியது கவனம். ஆள்தொகையைக் குறைவாக வைத்திருப்பதால் கவனம் தானாக வந்துவிடுவதில்லை. தனியறையில் ஒருவன் ஆயிரம் தடவை கேட்டு ஒரு பாட்டை உயிரில்லாததாக்கிவிட முடியும்.

கூட்டம் கவனத்தோடு இருக்கவும் முடியும். அதே 1975 தட்டில் மெர்க்குரி எழுதிய 'லவ் ஆஃப் மை லைஃப்' என்ற பாட்டு உண்டு. பியானோவும் ஹார்ப்பும் கொண்ட, உரக்கப் பேசாத பாட்டு. மேடையில் மேயின் கிட்டார் மட்டும் துணையாக மெர்க்குரி அதைப் பாடுவார். 1985 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் நடந்த பெரும் இசை விழாவில், போர்ச்சுகீஸ் மொழி பேசும் அந்தப் பெருங்கூட்டம் இந்த ஆங்கிலப் பாட்டைத் தானே பாடியது. மெர்க்குரி பாடுவதை நிறுத்திவிட்டு அவர்களைப் பாடவிட்டார். ஒளிப்பதிவு கிடைக்கிறது, பார்க்கலாம். அந்த நேரத்தில் பாட்டு மலிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓர் அந்தரங்கமான பாட்டை அத்தனை பேரும் அந்தரங்கமாகவே பாடினார்கள்.

5

'முப்பத்தொன்பது' பாட்டுக்கு அப்படி ஒரு ரியோ கிடைக்கவில்லை. 1970களின் கச்சேரிகளில் அதைப் பாடியவர் மெர்க்குரி. மே கிட்டாரோடு நின்றார். 1979இல் வந்த 'லைவ் கில்லர்ஸ்' தட்டில் அப்படித்தான் இருக்கிறது. பிறகு கச்சேரிகளிலிருந்து மெல்ல மறைந்தது. இந்த நூற்றாண்டில் மே அதைத் திரும்ப எடுத்து, இந்த முறை மேடையிலும் தானே பாடினார். இதற்கு நடுவில் வேறொருவர் அதைப் பாடிய சம்பவம் ஒன்று உண்டு. ரசிகனின் கடமை பற்றி நான் சொல்ல நினைப்பது முழுவதும் அதில் இருக்கிறது.

1991 நவம்பர் 24இல் மெர்க்குரி எய்ட்ஸ் நோயால் இறந்தார். 1992 ஏப்ரல் 20இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் எழுபதாயிரம் பேருக்கு மேல் கூடிய அஞ்சலிக் கச்சேரி நடந்தது. அதில் பாட வந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் மைக்கேல். க்வீன் பாட்டுகளில் தனக்கு மிகவும் பிடித்தது 'முப்பத்தொன்பது' என்றும், முன்னொரு காலத்தில் லண்டன் சுரங்க ரயில் வழிகளில் நின்று பயணிகளுக்கு அதைப் பாடியிருப்பதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். வெம்ப்ளியில் அவர் முதலில் பாடியது அதைத்தான். பிறகு பாடிய 'சம்படி டு லவ்'தான் உலகத்தின் நினைவில் நிற்கிறது. 1993இல் அந்த மேடைப் பதிவுகள் இரண்டைச் சேர்த்து வெளியான 'ஃபைவ் லைவ்' தட்டு பிரிட்டனில் முதலிடம் பெற்றது. 'முப்பத்தொன்பது' அதில் இல்லை. அங்கேயும் அது பின்னுக்குத்தான் போயிற்று.

சுரங்க வழியில் பாடுகிறவனின் நிலையை யோசித்துப் பார்க்கிறேன். கேட்கிறவர்கள் கேட்க வந்தவர்கள் இல்லை, ரயிலுக்கு ஓடுகிறவர்கள். அவர்களுக்குத் தெரிந்த பாட்டைப் பாடினால் காசு விழ வாய்ப்பு அதிகம். அங்கே நின்று தெரியாத பாட்டைப் பாடுகிறவன் அதை வைத்து எந்த அந்தஸ்தையும் சம்பாதிக்க முடியாது; கடந்து போகிறவர்களுக்கு அது தெரியாத பாட்டு என்பதுகூடத் தெரியாது. பாட்டு நன்றாக இருக்கிறது, இவர்கள் காதிலும் விழட்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு காரணம் இருக்க முடியாது. அதே மனிதர் பின்னால் எழுபதாயிரம் பேர் முன்னாலும் அதையே எடுத்தார். கேட்பவர்களின் தொகை ஏறக்குறைய பூஜ்யமாக இருந்தபோதும் எல்லையைத் தாண்டியபோதும் பாட்டோடு அவருக்கு இருந்த உறவு மாறவில்லை. பரீட்சை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: தொகை மாறும்போது மாறாமல் இருக்கிறதா என்பது. ஒருவரும் கேட்காதபோது அதைக் கைவிடாமல் இருப்பது பாதி. எல்லாரும் கேட்க வந்தபோது அதைக் கைவிடாமல் இருப்பது மறு பாதி. நாம் முதல் பாதியில் தேறியவர்கள். இரண்டாவதைப் பரீட்சை என்றே நினைப்பதில்லை.

இன்னொன்று. தெரியாத பாட்டைத் தன் சொத்தாக வைத்துக்கொள்கிறவன் இந்தப் பாட்டைக் கேட்கவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். பாட்டின் துக்கம் எதனால்? திரும்பியவனிடம் ஒரு பெரிய செய்தி இருக்கிறது. புதிய உலகம் ஒன்றைக் கண்டு வந்திருக்கிறான். யாரிடம் சொல்லப் போனானோ அவர்கள் இல்லை. அவன் விட்டுப்போன ஊரை அறிந்தவர் பூமியில் அவனும் கூடப் போனவர்களும் மட்டும். அப்படித் தனியாக அறிந்திருப்பது அவனுக்குச் செல்வமாக இல்லை, தாங்க முடியாத பாரமாக இருக்கிறது. தனக்கு மட்டும் தெரியும் என்ற நிலையின் கொடுமையைச் சொல்கிற பாட்டை எடுத்துவைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் தெரியும் என்று சந்தோஷப்படுவது எப்படிச் சாத்தியம்? சொற்களைத் தாண்டி மெட்டில் மயங்கியவர்களுக்குச் சாத்தியம்தான் போலும்.

வங்கியில் பத்து ஆண்டு யாரும் தொடாத வைப்புப் பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். 2014 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. உரியவரோ வாரிசோ வந்து கேட்டால் பணம் கிடைக்கும். கேட்க வரவேண்டுமானால் அப்படி ஒரு கணக்கு இருப்பது யாருக்காவது தெரிந்திருக்கவேண்டும். பெரும்பாலும் அது தெரியாததால்தான் பணம் அங்கே போய்ச் சேருகிறது. கணக்கு வைத்தவர் ரகசியமாக வைத்திருந்தார். சிக்கனம் என்று நினைத்திருப்பார். இந்த விண்ணப்பங்களைக் கையாளும்போதெல்லாம் ரசிகர்களின் ரகசியங்கள் என் நினைவுக்கு வருவதுண்டு.

ஐன்ஸ்டைனின் கடிகாரங்களை இன்னொரு விதத்திலும் பொருத்திப் பார்க்கலாம். இந்தப் பாட்டுக்கு இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முதலில் தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்ட பதினேழு வயதுப் பையன் இன்று இருந்தால் கிழவன். பாட்டு அதே மூன்றரை நிமிஷம். அதில் மேயின் குரலுக்கு இருபத்தெட்டு வயது, டீக்கன் புதிதாகப் பழகிய வாத்தியம் இன்னும் புதிதாகவே இருக்கிறது. கப்பலில் போனது பாட்டுதான். ஊரில் நின்று மூப்படைந்தவர்கள் கேட்டவர்கள். ஒவ்வொரு தடவை ஒலிக்கும்போதும் அது வயதாகாமல் வந்து இறங்குகிறது, நாம் முன்னைவிட நரைத்துப்போய் எதிரே நிற்கிறோம். ஒரு நாள் அது வந்து இறங்கும்போது முதலில் கேட்டவர்கள் எவரும் இருக்கமாட்டார்கள். பாட்டுக்குள் வருகிறவனுக்காவது ஒருத்தியின் கண்கள் அடையாளம் காட்டின. அந்தப் பெண் பிறந்து வளர்ந்து அங்கே நின்றதற்குக் காரணம், பிரிவுக்குப் பின்னும் ஊரில் வாழ்க்கை தொடர்ந்தது என்பதுதான்.

ரசிகனுக்கு வேறு கடமை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தனக்குப் பிடித்ததை இன்னொருவரிடம் சொல்வது. தெரியாத பாட்டு என்ற சிபாரிசு இல்லாமல், என்ன இருக்கிறது என்று காரணத்தோடு சொல்வது. அவர் நம்மைவிட நன்றாகக் கேட்டுவிட்டால் பொறுத்துக்கொள்வது. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம்.